ஏழுமதகு ஆளுநர்களின் நெற்றிப்பட்டை

பிரஷர் குக்கரிலிருந்து தொடங்குகிறேன், கண்ணுகளா. ராணுவம், கோட்டை, ஆளுநர் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால் விறைத்து உட்கார்ந்துகொள்வீர்கள். கதை கேட்க அது தோதான இருப்பு இல்லை.

ஏழுமதகு என்ற ஊரில் ஆளுநரின் ஜீப் தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டால் பெண்கள் ஓடிப்போய் அடுப்பை அணைப்பார்கள். விசில் அடித்துவிடக் கூடாது. பருப்பு வேகாவிட்டால் பரவாயில்லை. இருமல்காரர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பட்டறையில் சுத்தியல் ஓங்கியபடியே நிற்கும். தவிட்டு நிற நாய் ஒன்றுகூட அந்த ஊரில் கிடையாது. இரண்டாவது ஆளுநரை ஒரு தவிட்டு நாய் கடித்தது. அந்த நாயும் செத்து, அந்த ஆளுநரும் ஓய்வுபெற்றுப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் புதிதாக வருகிற ஒவ்வோர் ஆளுநரும், வந்த வாரமே, தவிட்டு நாய்களைப் பிடித்துப் போகச் சொல்லி உத்தரவு போடுவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. கெண்டைக்கால் மட்டும் கூசும்.

அணையைக் காக்கத்தான் ராணுவம் வந்தது. கீழ்நாட்டுக்காரர்கள் தண்ணீருக்காக மதகை உடைக்க வருவார்கள் என்று பயந்து, ஆறு மாதத்துக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்கு என்று வருகிறவர்கள் எப்போது ஆறு மாதத்தில் போயிருக்கிறார்கள்? கோட்டை கட்டினார்கள். கைதிகளை அடைக்கக் கொட்டடி கட்டினார்கள். பட்டாளம் குடியிருக்க வரிசை வீடுகள் கட்டினார்கள். கடைசியில் ஊரே பட்டாளத்துக்குச் சோறு பொங்கிப் பிழைக்கிற ஊராகிவிட்டது.

பட்டாளத்துத் தலைவர்தான் ஊருக்கு ஆளுநர். ஆளுநர்கள் என்றால் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் ஊரைத் தெரிந்துகொள்வதற்குள் மாற்றல் வந்துவிடும், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்குத் தலைநகரத்து மருத்துவர்கள், முதல் ஆளுநர் வரும் முன்பே, ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அதுதான் நெற்றிப்பட்டை. விரல் அகலத்தில் ஒரு சாம்பல் நிற நாடா. ஆளுநர் பதவியில் இருக்கும்வரை, துடைத்துப் பழுது பார்க்கும் நேரம் தவிர, அதைக் கழற்றக் கூடாது. அவர் கண்டதும் கேட்டதும் அதில் பதியும். போகும்போது கழற்றிக் கொடுப்பார். அடுத்தவர் அதைக் கட்டிக்கொண்டு மூன்று இரவு தூங்கி எழுந்தால், முன்னவர்கள் கண்டதெல்லாம் தானே கண்டதுபோல் ஆகிவிடும். இதற்கு ஒப்படைப்பு என்று பெயர் வைத்தார்கள்.

பட்டையின் நடுவில் கடுகளவு விளக்கு ஒன்று. பதியும்போது சிவப்பாக எரியும். ஊரார் ஆளுநரின் கண்ணைப் பார்க்க மாட்டார்கள், அந்த விளக்கைத்தான் பார்ப்பார்கள். அவர் உங்கள் வாசலைக் கடக்கும்போது அது எரியாமல் இருந்தால் உங்கள் குடும்பம் பிழைத்தது.

அது மிக அதிகமாக எரிந்தது மாடக்கண்ணுவின் முகத்தைப் பார்த்துத்தான்.

மாடக்கண்ணு நான்காம் மதகின் காவல்காரர். முதல் ஆளுநர் ஒரு நாள் அணைக்குக் கீழே தரைப்பாலத்தில் நடந்து வந்துகொண்டிருந்தபோது, மின்சாரக் கோளாறில் நான்காம் மதகு தானாகத் திறந்துகொண்டது. தண்ணீர் அவரை அடித்துப்போனது. பாலத்துக் கம்பி ஒன்று கையில் சிக்கியதால் உயிர் தப்பினார். முங்கி முங்கி எழுந்தபோது அவர் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று: மேலே ஓர் ஆள், கைச்சக்கரத்தைப் பிடித்து வெறிகொண்டு சுற்றிக்கொண்டிருக்கிறான்.

மாடக்கண்ணு மதகை மூடத்தான் சுற்றினார். ஆனால் கீழே இருந்து பார்க்கிறவருக்கு, திறக்கச் சுற்றுவதும் மூடச் சுற்றுவதும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பிடித்துப் போனார்கள். விசாரணை நடந்தது. மோட்டாரில்தான் கோளாறு, இந்த ஆள் மூடியிராவிட்டால் ஆளுநர் பிழைத்திருக்க மாட்டார் என்று அறிக்கை வந்தது. ஆளுநர் படித்தார், “நல்லது” என்றார், விடுதலைக்குக் கையெழுத்துப் போட்டார், சாப்பிடப் போனார். மாடக்கண்ணு வீட்டுக்கு வந்தார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது ஆளுநர் வந்து மூன்று இரவு தூங்கி எழுந்து, நான்காம் நாள் காலையில் ஆள் அனுப்பி மாடக்கண்ணுவைப் பிடித்தார். அறிக்கையைத் தலைநகரத்திலிருந்து வரவழைத்துப் படித்து அவரை விடுவிப்பதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. மூன்றாவது ஆளுநரும் பிடித்தார். நான்காமவரும். ஐந்தாமவர் கர்னல் தேவசித்தம், சாதுவான மனிதர், கோயில் மணி அடித்தாலும் தேவாலய மணி அடித்தாலும் தொப்பியைக் கழற்றுகிறவர். அவரும் பிடித்தார்.

ஒவ்வொரு முறையும் பட்டாளத்துக்காரர்கள் வாசலில் நின்று ஒரே மாதிரிதான் கூப்பிடுவார்கள்: “சும்மா ஒரு அஞ்சு நிமிஷம், வந்துட்டுப் போங்க.”

கொட்டடி அணைச் சுவரை ஒட்டிய நிலவறை. சுவரெல்லாம் ஈரம் கசியும். ஐந்தாவது முறை மாடக்கண்ணு வெளியே வந்தபோது நெஞ்சில் சளி கட்டி, கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னொரு முறை அந்த ஈரத்தில் படுத்தால் ஆள் தேறாது என்று பட்டாளத்து மருத்துவரே அவர் மனைவியிடம் சொன்னார்.

மனைவி பெயர் சண்முகவடிவு. கோட்டை வாசலில் இட்லிக் கடை. புருஷன் கடையில் உட்கார்ந்திருந்தால் ஒருவரும் உள்ளே வர மாட்டார்கள். அவர் பக்கத்தில் நிற்கும்போது ஜீப் வந்து, விளக்கு எரிந்து, தங்கள் முகமும் ஓரமாகப் பதிந்துவிட்டால்? அதனால் அவர் பின்கட்டில் இருந்து மாவாட்டிக் கொடுப்பார். கூடப் பிறந்த தம்பியே தெருவில் அவரைக் கண்டால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வான்.

ஒரு நாள் காலை ஹவில்தார் செய்யதலி கடைக்கு வந்தார். பட்டையைத் துடைத்துப் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. அதனாலேயே பட்டாளத்தில் ஒருவரும் அவரோடு சேர்ந்து உட்கார மாட்டார்கள். மற்றவர்களின் பயம் இவருக்குத் தெரியும் என்று ஒரு சந்தேகம்.

“அக்கா, நாலு இட்லி. கர்னல் ஐயாவுக்கு மாத்தல் வந்துட்டு,” என்றார் மெதுவாக.

சண்முகவடிவின் கை சட்டியிலேயே நின்றது. “எப்போ?”

“மாசக் கடைசில. புதுசா வாரது ஒரு பொம்பள ஆபீசர். கர்னல் பூங்கோதை.”

“பொம்பளைன்னா முங்கினது மறந்துருமா?”

செய்யதலி சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

“தம்பி, ஒன்னு கேக்கேன். அஞ்சு பேரும் அந்த அறிக்கையப் படிச்சாவல்லா? இவுக குத்தம் பண்ணலன்னு தெரிஞ்சுதான விட்டாவ? அது ஏன் பட்டையில ஏறல?”

“ஏறாதுக்கா. பட்டை சின்னது. பாத்தது எல்லாத்தையும் வச்சுக்க எடம் கெடையாது. நெஞ்சு எப்போ படபடன்னு அடிக்கோ, அப்போ மட்டுந்தான் பதியும். முங்கினப்போ அடிச்சுது. அறிக்கையப் படிச்சப்போ யாருக்கு நெஞ்சு அடிக்கும்? கொட்டாவிதான் வரும்.”

“அப்போ நல்லது எதுவுமே அதுல கெடையாதா?”

“நல்லது நடக்கும்போது மனுசன் நிம்மதியா இருக்கான். நிம்மதி பதியாது.” அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நானே துடைக்கும்போது சில சமயம் கையில புடிச்சுப் பாப்பேன். அவ்வளவும் பயம். நாய், வேட்டு, தண்ணி. ஊருல ஒரு கல்யாணம், ஒரு கோயில் கொடை, ஒரு புள்ள சிரிச்சது… ஒன்னு கெடையாது அதுல.”

சண்முகவடிவு அடுத்த ஈடை ஊற்றினாள். மூடியைப் போட்டாள். பிறகு கேட்டாள்:

“நெஞ்சு படபடங்கும்போதே இவுக மதக மூடுததப் பாத்தா?”

அன்று மாலையே அவள் ஆளுநர் மாளிகைக்குப் போனாள். கர்னல் தேவசித்தம் வராந்தாவில் இருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“நான் அதே தரைப்பாலத்துல நிக்கணும். மதகத் திறந்து தண்ணி விடணும். உங்க வீட்டுக்காரர் வந்து மூடணும். அத நான் பாக்கணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான் ஐயா. நீங்க பாத்தா அடுத்தவுகளும் பாத்த மாதிரி.”

“இதுல உங்களுக்கு வேற எண்ணம் எதுவும் இல்லையே?”

“வேற எண்ணம் இருந்தா உங்ககிட்ட வந்து சொல்லிக்கிட்டு நிப்பேனா?”

அவர் நெற்றிப்பட்டையைத் தடவினார். “அம்மா, வந்த நாள்லேருந்து நான் தினமும் முங்குறேன். எனக்கு நீச்சல் தெரியும். ஆத்துல விளையாடி வளந்தவன். ஆனா இங்க வந்த பிறகு வாளியில தண்ணி மோந்து குளிக்கக்கூட பயம்.” பட்டையிலிருந்து கையை எடுத்தார். “சரி. நிக்கிறேன்.”

கூட இருந்த கேப்டனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆளுநர் போகிற நேரத்தில் மதகுக்காரன் வீட்டம்மா வந்து அவரைத் தண்ணீரில் இறக்கப் பார்க்கிறாள் என்றால், பின்னால் கீழ்நாட்டுக்காரர்கள் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சோதனை நாளன்று ஆளுநரின் இடுப்பில் கயிறு கட்டினார். மேலே சக்கரத்தின் அருகில், மாடக்கண்ணுவின் இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு ஆள் நிறுத்தினார்.

“மூடுற பக்கம் சுத்தினா விடு. திறக்கிற பக்கம் சுத்தினா சுடு,” என்றார்.

ஒரு சிப்பாய் தயங்கினான். “மூடுறது எந்தப் பக்கம் சார்?”

கேப்டனுக்கும் தெரியவில்லை. மோட்டார் வந்த பிறகு அந்தச் சக்கரத்தை மாடக்கண்ணுவைத் தவிர ஒருவரும் தொட்டதில்லை. அவர் மாடக்கண்ணுவிடமே கேட்க வேண்டியதாயிற்று.

“வலப்பக்கம் சுத்தினா மூடும்.”

“நீ சொல்றத நாங்க எப்படிய்யா நம்புறது?”

மாடக்கண்ணு இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: “நம்பாட்டி நீங்களே சுத்துங்க. நான் துப்பாக்கியப் புடிச்சுக்கிடுதேன்.”

ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். கேப்டன் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

மதகு திறந்தது. தண்ணீர் பாலத்தின் மேல் ஏறியது. கரையில் சண்முகவடிவும் செய்யதலியும் நின்று ஆளுநரின் நெற்றியையே பார்த்தார்கள். தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டதும் விளக்கு பளிச்சென்று சிவப்பாயிற்று. இடுப்பு வரை ஏறியது. அவர் அண்ணாந்து மேலே பார்த்தார். மாடக்கண்ணு சக்கரத்தில் தொங்கினார், இருமினார், மறுபடி தொங்கினார், சுற்றினார். தண்ணீர் ஏறுவது நின்றது. பிறகு வடிந்தது. ஆளுநரின் முகத்தில் ஒரு சிரிப்பு, கொஞ்சம் கொஞ்சமாக.

“மூடிட்டாரு,” என்று கத்தினார். “நான் பாத்துட்டேன். மூடிட்டாரு.”

செய்யதலி சண்முகவடிவின் பக்கம் திரும்பவில்லை. “அக்கா, அணைஞ்சுட்டு,” என்றார்.

“எது?”

“வெளக்கு. தண்ணி ஏறுறப்போ எரிஞ்சுது. அண்ணாந்து பாத்தப்பவும் எரிஞ்சுது. வடிய ஆரம்பிச்சதும் அவரு நிம்மதியாயிட்டாரு. அணைஞ்சுட்டு.”

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பட்டையில் இப்போது இரண்டு தண்ணீர். இரண்டு முறை மேலே நின்று சக்கரம் சுற்றுகிற அதே ஆள். வருகிறவள் இரட்டிப்பாய் முங்கப் போகிறாள். அதைச் செய்து கொடுத்தது யாரும் இல்லை, இவள்தான்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் ஈரத் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார்.

“அழாத ஏட்டி. இந்தத் தடவை கம்பளி ரெண்டா வை,” என்றார்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை கர்னல் தேவசித்தம் ஜீப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்தே அவர்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் அல்வாப் பொட்டலம். தெருவில் அடுப்புகள் அணைந்தன.

“நேத்து ராத்திரி நான் தூங்கினேன்,” என்றார் உட்கார்ந்ததும். குழந்தை சொல்வதுபோல் சொன்னார். “விடியிற வரைக்கும். ஒரு சொட்டுத் தண்ணி வரல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இது உங்களுக்கு.”

சண்முகவடிவு அவரைக் கூர்ந்து பார்த்தாள். பாதியில் விளக்கு அணைந்தது இவருக்குத் தெரியாது. தான் தப்பித்துக்கொண்டது மட்டும்தான் தெரியும். சொல்லி என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது. தட்டில் முறுக்கு எடுத்து வைத்தாள்.

அவர் ஒன்றைக் கடித்துக்கொண்டே, கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கிய துணிப்பையைப் பார்த்தார். புடைத்திருந்தது. புதிதாகத் துவைத்த மடிப்பு.

“எங்கயாவது வெளியூர் போறீங்களா?”

“அடுத்த ஆளுநர் வாராவல்லா ஐயா. அதுக்கு,” என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. “நான்தான் விடுதலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனே.”

“அஞ்சு பேரும் போட்டாவ.”

மாடக்கண்ணு “விடுட்டி” என்றார். அவள் விடவில்லை. அவள் குரலில் கோபமும் இல்லை; கடைச் சாமான் சொல்கிறவள்போலச் சொன்னாள். “மொதல்ல கூட்டிட்டுப் போனப்போ ஒன்னும் தெரியாது. வெறுங்கையோட போனாவ. ரெண்டாவது ஐயா காலத்துல கம்பளி வச்சேன். மூணாவது ஐயா காலத்துல தைலம். உள்ள ஈரம்லா, காவலுக்கு நிக்குத பையன்களுக்கும் மூக்கடைக்கும், அவனுகளுக்கும் சேத்து ரெண்டு டப்பி. நாலாவது ஐயா வந்தப்போ மாத்திரை.”

“என் காலத்துல?” தேவசித்தம் கேட்டார். லேசாகச் சிரித்தபடிதான் கேட்டார்.

“உங்க காலத்துல ஒன்னும் வைக்கல ஐயா. எடுத்துட்டேன்.” தட்டைக் காட்டினாள். “அதுவரைக்கும் முறுக்கும் வச்சு அனுப்புவேன். அதுக்குப் பொறவு வைக்கதில்ல.”

ஆளுநர் தட்டைப் பார்த்தார். பிறகு மாடக்கண்ணுவைப் பார்த்தார். அவ்வளவு நேரமாய் அந்த மனிதர் முறுக்கைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. முன்வரிசைப் பற்கள் மேலேயும் கீழேயும் இல்லை.

“வயசாயிட்டுன்னு நெனச்சேன்,” என்றார்.

“வயசும் ஆயிட்டு ஐயா,” என்றார் மாடக்கண்ணு.

“உங்க காலத்துல மொத நாள் உள்ள இழுத்துட்டுப் போகையில விழுந்துட்டாருன்னு சொன்னாவ,” என்றாள் சண்முகவடிவு. “விழுந்தா பூட்ஸ் தடம் உதட்டுல இருக்காது. மிதிச்ச பையனும் பாவம். ஆளுநர முக்கின ஆளுன்னு அவனுக்குச் சொல்லிருக்காவ. நான் அவனுக்குந்தான் தைலம் குடுத்து விட்டேன்.”

கர்னல் தேவசித்தத்தின் கையில் பாதி முறுக்கு இருந்தது. அதைத் தட்டில் வைக்கவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. காதுமடல் சிவந்தது. கழுத்து நரம்பு துடிப்பது எதிரே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். “எனக்கு…” என்றார்.

சண்முகவடிவு தற்செயலாக அவர் நெற்றியைப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் எழுந்தபோதும் எரிந்தது. படியில் தடுக்கி, அல்வாப் பொட்டலத்தைத் திரும்பிப் பார்த்து, பார்க்க முடியாமல் தெருவில் இறங்கி நடந்தபோதும் எரிந்தது. தெருமுனை வரை அந்தச் சிவப்பு அணையவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலில் நின்ற பெண்கள், மாடக்கண்ணு வீட்டில் என்ன விபரீதமோ என்று கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள்.

கர்னல் பூங்கோதை வந்தார். மூன்று இரவு தூங்கினார். நான்காம் நாள் காலை சண்முகவடிவு கடை திறக்கவில்லை. மாடக்கண்ணு குளித்து, வேட்டி மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜீப் வாசலில் வந்து நின்றது.

சிப்பாய்கள் இறங்கவில்லை. கர்னலே இறங்கினார். நெட்டையான பெண், நரைக்கத் தொடங்கிய கிராப்பு. தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல்படிக்குக் கீழேயே நின்றார். மாடக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார். உடனே பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார்.

“உங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு ஏற்பாடு பண்ணியிருக்கேன்,” என்றார் தரையைப் பார்த்தபடி. “நல்ல காத்து. கிணறு, தோட்டம் இருக்கு. மாசா மாசம் பணம் வந்துரும். மருந்துச் செலவு எங்களோடது. ஜீப்லயே கொண்டுபோய் விடச் சொல்றேன்.”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எப்போ திரும்பி வாரது?” மாடக்கண்ணு கேட்டார்.

“திரும்ப வேண்டியதில்ல. உங்களுக்கே உங்களுக்குத்தான்.”

“எதுக்கு?”

கர்னல் தொப்பியை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். “நான் முங்குறது பெருசில்ல. அது பழகிரும்போல. ஆனா அதுக்கப்புறம் ஒரு தட்டு வருது. முறுக்கு. அது வந்தா என்னால மூச்சு விட முடியல. நான் உங்கள ஒன்னும் பண்ணல. எனக்குத் தெரியும். நான் இந்த ஊருக்கே இப்பத்தான் வர்றேன். ஆனா நான்தான் பண்ணினேன்னு இருக்கு. அணைக்குப் போற வழியில தினமும் உங்க வீடு வருது. என்னால உங்க முகத்தப் பாக்க முடியல, பெரியவரே.”

சண்முகவடிவுக்கு அப்போதுதான் அந்த விளக்கு தெருமுனை வரை எரிந்தது நினைவுக்கு வந்தது.

“இது உத்தரவா, அம்மா?” என்று கேட்டாள்.

“இல்ல. வேண்டிக் கேக்குறேன்.”

மாடக்கண்ணு பையை மடியிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார். “அஞ்சு பேரு என்னைய இந்த வீட்டுலேருந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனாவ. நீங்க மாலை போட்டுக் கூட்டிட்டுப் போறேங்குதிய. வெளிய போறது நான்தான?”

கர்னலின் நெற்றியில் விளக்கு மட்டும் எரிந்தது.

“பாக்க முடியலன்னா நீங்க வேற வழியாப் போங்கம்மா,” என்றாள் சண்முகவடிவு. ஒரு தாய் சொல்வதுபோலத்தான் சொன்னாள். “அணைக்கு வடக்கால ஒரு வழி இருக்கு. கொஞ்சம் சுத்து.”

அன்றிலிருந்து ஜீப் வடக்கு வழியாகவே போயிற்று. ஊர் சும்மா இருக்குமா? ஆளுநரே ஒதுங்கிப் போகிறார் என்றால் மாடக்கண்ணுவிடம் ஏதோ பிடி இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். இத்தனை காலம் விலகிப் போனவர்கள் இட்லிக் கடையில் இடம் பிடித்து உட்கார்ந்து, “அண்ணாச்சி, நம்ம தெருவுக்குத் தண்ணிக்குழாய் ஒன்னு சொல்லி விடுங்களேன்” என்றார்கள். தம்பிகூட வந்தான். மாடக்கண்ணு அவனுக்கு ஒரு டீ கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை, எதற்கு வந்திருக்கிறானோ என்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மழை தொடங்குவதற்குள் பூங்கோதை தானாகவே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஏழாவதாக ஒருவர் வந்தார். ஓர் இரவுதான் தூங்கினார். காலையில் பட்டையைக் கழற்றிச் செய்யதலி கையில் கொடுத்துவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார். “பயம்னா கட்டிக்கலாம்யா. இது என்னால ஆகாது,” என்று சொன்னாராம். அதன்பிறகு அந்தப் பதவிக்கு யாரும் மனுப் போடவில்லை. செலவு கட்டுப்படியாகாததால் ராணுவ ஆட்சி விலக்கிக்கொள்ளப்பட்டது என்று சரித்திரப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. படித்தவர்கள் எழுதியது, இருந்துவிட்டுப் போகட்டும்.

பட்டாளம் போயிற்று. கொட்டடியில் நெல் மூட்டை அடுக்கினார்கள். குக்கர்கள் தாராளமாக விசில் அடித்தன. எங்கிருந்தோ ஒரு தவிட்டு நாய் வந்து குட்டி போட்டது.

புதிதாக வந்த சப் கலெக்டர் சிறு வயதுக்காரர். நெற்றியில் திருநீறு தவிர எதுவும் கிடையாது. பட்டாளம் போன பிறகு பாசனத்துக்கு முதல் தண்ணீர் திறக்கிற விழா. நான்காம் மதகைக் கைச்சக்கரம் சுற்றித் திறக்க வேண்டியவர் மாடக்கண்ணுதான் என்று அவரே முடிவு செய்து, காரில் ஒரு ரோஜா மாலையும் பொன்னாடையும் வாங்கி வைத்துக்கொண்டு, முன்கூட்டிச் சொன்னால் சுவை போய்விடும் என்று ஒருவரிடமும் சொல்லாமல், காலையில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

மாடக்கண்ணு சாப்பிட உட்கார்ந்திருந்தார். சண்முகவடிவு இட்லி வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா இருக்காரா?” என்றார் சப் கலெக்டர், சிரித்த முகமாய். “சும்மா ஒரு அஞ்சு நிமிஷம். வந்துட்டுப் போங்க.”

மாடக்கண்ணு எதற்கு என்று கேட்கவில்லை. இலையை மடித்தார். கையைக் கழுவினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

சப் கலெக்டர் மாலையை எடுத்து வரக் காருக்குத் திரும்பினார். சண்முகவடிவு அதற்குள் ஆணியிலிருந்து பையை இறக்கி, வெளியே இருந்தே கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, புருஷனின் தோளில் மாட்டினாள்.

“மாத்திரை உள்ள இருக்கு,” என்றாள்.